நாலாவது ஆள்

வேலை பார்த்த காலம் முழுக்க ரயில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களை எல்லாம் வெளியூருக்கு அனுப்பி வைத்தவள் நான். அதனால் எங்கே ஏறினேன், எங்கே மாறினேன், எந்த இருக்கை கிடைத்தது என்ற கதையெல்லாம் இங்கே கிடையாது. அதைப் பேசிப் பேசியே வாய் ஓய்ந்துவிட்டது. மலேசியாவில் இருக்கிற கேமரன் மலைக்குப் போனேன். தனியாகப் போனேன். அங்கிருந்து தொடங்குகிறேன்.

தனியாகப் போவதாக முதலில் இல்லை. என் மகன் பிரபு கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கனடாவில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ரொம்ப நாளாக ஆசைப்பட்ட வேலை. ஆனாலும் சரி என்று இன்னும் சொல்லவில்லை. காரணம் நான்தான். போன வருடம் அவன் அப்பா போய்விட்டார். அதிலிருந்து திண்டுக்கல் வீட்டில் நான் ஒருத்தி. கோலாலம்பூர் என்றால் காலையில் போன் போட்டால் ராத்திரிக்குள் வந்து நிற்கலாம், கனடாவிலிருந்து எப்படி வருவேன் என்பது அவன் கேள்வி. ஆற அமரப் பேசலாம் என்று என்னை வரவழைத்து, மலைக்குப் போகவும் ஏற்பாடு செய்திருந்தான். கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து அலுவலகத்தில் கணினி எல்லாம் படுத்துவிட்டது, வா என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

“கேன்சல் பண்ணிடலாம்மா” என்றான்.

“நான் மட்டும் போறேன்” என்றேன்.

சிரித்தான். “நீயா? ரேஷன் கடைக்கே பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிட்டுப் போற ஆளு நீ.”

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை, அதனால்தான். “போயிட்டு வந்து காட்டுறேன்டா. தேயிலைத் தோட்டத்துல நின்னு, சிரிச்ச முகமா ஒரு போட்டோ எடுத்து அனுப்புறேன். அதைப் பார்த்துட்டு நீ கனடாவுக்குச் சரின்னு சொல்லணும்.”

“உன்னை யாரும்மா எடுப்பா?”

“நானே எடுப்பேன். அப்பா கேமரா இருக்குல்ல.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சரி என்று தலையாட்டினான். திங்கட்கிழமை அவன் பதில் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளி நிறச் சாமான். பிரபு எட்டாம் வகுப்பு படிக்கும்போது இவர் வாங்கியது. வாங்கியதே அதிலிருக்கும் டைமருக்காகத்தான். அதற்கு முன்பு எங்கள் வீட்டுப் படம் எதிலும் இவர் இருக்கமாட்டார், எடுக்கிறவர் இவர்தானே. டைமரை வைத்துவிட்டால் பத்து நொடி கழித்து அதுவே எடுத்துக்கொள்ளும், மூன்று பேரும் நிற்கலாம் என்று கணக்குப் போட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன். மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நடுவில் நிற்பது யார்? பிரபு. விடுவேனா?

அதனால் நாலாவதாக ஒருவரைப் பிடித்துப் போடுவது வீட்டு வழக்கமாகிவிட்டது. “பிரபு, ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வாடா” என்பேன். அவனும் ஓடுவான். கொடைக்கானலில் சோளக்கதிர் சுடுகிறவர், கன்னியாகுமரியில் பாசிமணி விற்கிற அம்மா, மூணாறில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஜீப் டிரைவர். எங்கள் குடும்பப் படம் எதை எடுத்தாலும் பேர் தெரியாத ஒருவர் ஓரமாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். “குடும்பம் பெருகிக்கிட்டே போகுது” என்று இவர் கேலி பண்ணுவார். டைமரை அமுக்கிவிட்டு ஓடி வந்து நிற்பதால் எல்லாப் படத்திலும் இவருக்கு மூச்சு வாங்கும்.

தாப்பாவிலிருந்து மலை ஏறுகிற பாதை வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறியவள் என்ற திமிரில் காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். ரிங்லெட் வந்தபோது அந்தத் திமிர் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து தைலம் நீட்டினாள். நெற்றியில் தடவிக்கொண்டேன். நன்றி சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

மேலே போகப் போக, மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை. கூரைக்கு அடியில் கீரையும் பூவும். கூரை இல்லாத இடத்தில் தேயிலை. மூணாறிலும் தேயிலைதான், ஆனால் அங்கே ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்று மூன்று பேரும் சண்டை போட்டோம். இங்கே ஜன்னல் எனக்கே எனக்கு. பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பிரிஞ்சாங்கில் தங்கினேன். அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் என் பையை வைத்தேன்.

சாயங்காலம் ஸ்டீம்போட் சாப்பிடலாம் என்று போனேன். மேசை நடுவில் அடுப்பு வைத்து, கொதிக்கிற ரசத்தில் காயும் மீனும் காளானும் போட்டுப் போட்டு எடுத்துச் சாப்பிடுவது. அந்தக் குளிருக்கு அதை விட்டால் வேறு சாப்பாடு இல்லை என்று பிரபு சொல்லி அனுப்பியிருந்தான். கடைக்காரப் பெண் “எத்தனை பேர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒருவர் என்றேன். இரண்டு பேருக்குக் குறைவாகத் தரமுடியாது என்றாள். இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிடுகிறேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு, அது வீணாகும் ஆன்ட்டி என்று ஒரு நூடுல்ஸ் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பமே ஆவியில் முகம் தெரியாமல் சத்தம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நூடுல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஊரே மலைக்கு வந்துவிட்டது. எல்லோரும் போகிற ஒரு தோட்டத்துக்கு நானும் போனேன். அங்கே ஒரு கட்டைச் சுவர். அதன் மேல் கைப்பையை வைத்து, பை மேல் கேமராவைச் சாய்த்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடினேன். புடவையும் பிரபு வாங்கித் தந்த கேன்வாஸ் ஷூவுமாக நான் ஓடியதை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் கேமரா சரிந்து வானம். மூன்றாவது முறை சரியாகப் போய் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் சுவர் பக்கம் வந்தாள். அநாதையாகக் கிடந்த கேமராவைப் பார்த்துப் பதறி எடுத்துக்கொண்டு, உங்களுடையதா, உங்களுடையதா என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அந்தப் படத்தில் அவளுடைய உள்ளங்கை மட்டும் விழுந்திருக்கிறது. ரேகை எல்லாம் தெரிகிறது.

விஷயம் புரிந்ததும் வெட்கப்பட்டாள். “நான் எடுத்துத் தரட்டுமா? தனியாகவா வந்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இல்லை, பையன் பின்னால் வருகிறான்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்புறம் அவள் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்ததால், வராத பையனுக்காகப் பத்து நிமிடம் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

செல்போனில் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதையும் எடுத்துப் பார்த்தேன். என் மூக்குதான் வந்தது, மலை வரவில்லை. தவிர, அப்பா கேமராவில் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கும் ஒரு ரோஷம் உண்டு.

திரும்புகிற வழியில் கியா பார்மில் இறங்கினேன். ரோட்டோரம் முழுக்கக் கடை. ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளி, கீரைக்கட்டு, சோளக்கதிர். ஒரு கதிர் வாங்கினேன். இங்கே அவித்து வெண்ணெய் தடவித் தருகிறார்கள். நம் கொடைக்கானல் மாதிரி கரியில் சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துத் தருகிற வழக்கம் இல்லை. பழக்கத்தில் பாதியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது.

அறைக்கு வந்து படங்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் நின்று எடுத்த நாலைந்து படத்திலும் தேயிலைச் செடி இலை இலையாகத் தெரிகிறது. நான் மட்டும் தண்ணீர் பட்ட எழுத்தாகக் கலங்கிப் போயிருக்கிறேன்.

பிரபு போன் போட்டான். “போட்டோ எங்கம்மா?”

“மழைடா.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“குளிருதுடா, வேறென்ன.”

“அம்மா, கஷ்டமா இருந்தா சொல்லு. நான் கனடாவுக்குப் போகலன்னு ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது.”

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவன் மேல் இல்லை. அவன் சொன்னதைக் கேட்டு மனசு ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டதே, அதன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பேருந்து. காலையிலேயே ஒரு டாக்சி பிடித்து, கூட்டம் வராத தோட்டமாகப் பார்த்துக் கொண்டுபோய் விடு என்றேன். டிரைவர் மலாய்க்காரர். ஒரு கார் மட்டும் போகிற பாதையில் வளைத்து வளைத்துப் போய், தேயிலைக்கு நடுவில் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறேன் என்று போனார். சுற்றிலும் பச்சை. தூரத்தில் தொழிலாளர்களின் லயம், லைன் வீடுகள் ஒரு வரிசை. ஒரு குரல் இல்லை.

வாய்க்கால் ஓரம் ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது. கேமராவை வைத்தேன். ஓடினேன். நின்றேன். போய்ப் பார்த்தேன். கலங்கல். மறுபடியும் வைத்தேன். ஓடினேன். ஒருமுறை பனி ஈரத்தில் வழுக்கி, தேயிலைச் செடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். செடி தாங்கியது. எத்தனை தடவை ஓடியிருப்பேனோ, இடுப்பு விட்டுப் போனது.

“ஆன்ட்டி, என்னா செய்றீங்க?”

திரும்பினால் ஒரு பெண் நிற்கிறாள். இருபது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். முடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தாள்.

“அம்மாதான் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. யாரோ ஒரு ஆன்ட்டி கல்லுல எதையோ வச்சிட்டு வச்சிட்டு ஓடுறாங்க, என்னான்னு கேளுன்னு” என்றாள். அப்புறம் திட்டில் இருந்ததைப் பார்த்ததும் கண் விரிந்தது. “ஐயோ, டிஜிகேம். இப்ப இதுதான் லா எல்லாரும் தேடுறாங்க. என் பிரெண்டு இதுக்காகவே கடை கடையா அலைஞ்சா.”

அவள் பெயர் தர்ஷினி. பேச்சுக்குப் பேச்சு லா சேர்ப்பது அந்த ஊர்ப் பழக்கம். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். “தேயிலை எல்லாம் நல்லா வந்திருக்கு ஆன்ட்டி. நீங்கதான் வரல.”

“அதான்மா தெரியல.”

“நீங்க பட்டனை அமுக்குறப்ப அங்க யாரும் இல்ல லா. அப்ப எது இருக்கோ, அதைத்தான் கேமரா புடிச்சுக்கும். செடிதானே இருக்கு, அதான் செடியைப் புடிச்சுக்குது. நான் எடுத்துத் தரவா?”

“இல்லம்மா, நானேதான் எடுக்கணும்” என்றேன். அவள் ஏன் என்று பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது, அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டது. பிரபு, கனடா, அவன் அப்பா, திங்கட்கிழமை எல்லாம்.

அவள் கொஞ்ச நேரம் ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். “நானும் நாளைக்குப் போறேன் ஆன்ட்டி. பினாங்குல ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. அம்மா ஒரு வாரமா சோறு ஒழுங்கா சாப்பிடல” என்றாள். பிறகு, “சரி, இப்படிச் செய்வோம். உங்க இடத்துல நான் நிக்கிறேன். நீங்க அமுக்குங்க. நான் நகர்ந்துடுறேன், நீங்க ஓடி வந்து நில்லுங்க.”

அப்படியே செய்தோம். நான் போய் நின்றேன், சிரித்தேன். கேமராவைப் பார்த்தோம். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

அதுதான் தப்பாகப் போயிற்று. உதடு சிரிக்கிறது, கண் எங்கேயோ கிடக்கிறது. புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேருந்தைத் தவறவிட்டவள் மாதிரி நிற்கிறேன். இத்தனை நாள் என் முகம் இப்படித்தான் இருந்ததா? இந்த முகத்தைப் பார்த்தால் பிரபு கனடாவுக்கு இல்லை, பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டான்.

“நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றாள் தர்ஷினி, என் முகத்தைப் பார்க்காமல்.

டாக்சிக்காரர் போன் போட்டார். “ஜாம், ஆன்ட்டி, ஜாம்” என்றார். கியா பார்மில் வண்டி அசையவில்லையாம். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கும் ஜாம் என்றே பதில் வந்தது. பேருந்து போய்விட்டால் என்ன செய்வேன் என்று மணியைப் பார்த்தேன்.

“வீட்டுக்கு வாங்க. அப்பா கொண்டுபோய் விடுவாரு” என்று தர்ஷினி என் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில் அவள் அம்மா லெட்சுமி நின்றிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். “வாங்கக்கா, ஊருல இருந்தா வரீங்க? பசியாறியாச்சா?” என்றாள். ஊர் என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு. பசியாறினேன் என்று சொன்னது அவள் காதில் விழவில்லை. சோறு, கோழிக்கறி, நெத்திலி சம்பல் என்று தட்டில் வந்துகொண்டே இருந்தது. எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. சம்பல் நாக்கைச் சுட்டது. தர்ஷினிக்காகப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்ததிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. கூடம் முழுக்கப் பெட்டி.

அவள் கணவர் மணியம் எஸ்டேட் லோரி ஓட்டுகிறார். “லோரில ஏத்தினா கிராணி ஏசுவாரு. என் கெரெட்டாவுல போயிடலாம்கா. பின்பக்கமா ஒரு வழி இருக்கு, ஜாம் வராது” என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். கெரெட்டா வாசலில் நின்றது, ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் உள்ள பழைய கார்.

இத்தனை தேயிலைக்கு நடுவில் இருக்கிறீர்களே, கொழுந்து பறிப்பீர்களா என்று லெட்சுமியைக் கேட்டேன். “அதெல்லாம் இப்ப பங்களாதேஷ் பையங்க மெஷின் புடிச்சு வெட்டுறாங்கக்கா. நான் பேக்டரில பேக்கிங். லயத்துல நம்ம ஆளுங்க கொஞ்சப் பேருதான்” என்றாள்.

கிளம்புகிற நேரத்தில் தர்ஷினி, “அம்மா, ஆன்ட்டி கேமராவுல நாம படம் புடிச்சுக்கலாமா? எனக்குக் கொண்டுபோறதுக்கு” என்றாள்.

லெட்சுமி முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே வாடியது. “எப்படி லா? எதுத்த வீட்டுக்காரங்க எல்லாம் கோலா தெர்லாவுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களே. பையங்களும் லீவு, டவுனுக்குப் போயிட்டானுங்க.”

“அவங்க எதுக்கு? நாம மூணு பேரு போதாதா?”

“மூணு பேரா படம் புடிக்கக்கூடாது. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாது. நீதான் நடுவுல நிப்ப.”

மணியம் தலையில் அடித்துக்கொண்டார். “பாருங்கக்கா. போன தீபாவளிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த சீனனை நிக்க வச்சு எடுத்தா. இன்னைக்கு நாயைத்தான் நிக்க வைக்கணும்.”

“நாய் கணக்குல வராது” என்றாள் லெட்சுமி கறாராக.

நான் சொன்னதெல்லாம் ஒரு சொல் மாறாமல் அவள் வாயிலிருந்து வருகிறது. நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன் லெட்சுமி, ஒரு படத்தில்கூட மூன்று பேராக நிற்க விடவில்லை, அப்படியும் அவர் போய்விட்டார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் தர்ஷினியின் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். சரியாக இருந்த காலரையே திரும்பத் திரும்பச் சரி பண்ணினாள். நான் சொல்லவில்லை. சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க நிக்கிறீங்களா?”

“நான் உங்களுக்கு யாரு?”

“யாரா இருந்தா என்னா? சோறு சாப்பிட்டீங்கல்ல.”

“அப்ப யாரு எடுக்கிறது?” என்றார் மணியம்.

“அதுக்குத்தான் டைமர் இருக்கே” என்றேன். பிரபுவின் அப்பா சொல்கிற அதே தொனியில் அது வெளியே வந்தது.

வீட்டுக்கு எதிரே ஒரு பழைய பீப்பாய் இருந்தது. அதன் மேல் கேமராவை வைத்தேன். மூன்று பேரும் தேயிலைச் சரிவு ஓரமாகப் போய் நின்றார்கள். தர்ஷினி நடுவில். மணியம் விசேஷத்துக்கு வேட்டி கட்டி நிற்பதைப் போல விறைப்பாக நின்றார். சின்னத் திரையில் மூன்று முகமும் தெளிவாக நின்றன. ஓரத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். பட்டனை அமுக்கினேன். ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

“ஓடி வாங்க ஆன்ட்டி” என்று தர்ஷினி கத்தினாள்.

“அக்கா, மெதுவா, வழுக்கும்” என்று லெட்சுமி கத்தினாள்.

நான் ஓடினேன். நாயும் என்னோடு ஓடி வந்தது. கணக்கில் வராத நாய், அதற்கென்ன தெரியும். போய்ச் சேர்ந்து கொஞ்சம் தள்ளி நின்றேன். “கிட்ட வாங்கக்கா, என்னா ஓரமா நிக்கிறீங்க” என்று லெட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் நான் அவள் தோளில் மோதினேன், அவள் மகள் மேல் மோதினாள், மகள் அப்பா மேல். விறைப்பெல்லாம் போய் மணியம் கெக்கெக்கே என்று சிரித்தார். அப்போதுதான் கிளிக்.

அந்தப் படத்தில் நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. மூச்சு வாங்குவது தெரிகிறது. நாயின் வால் ஒரு ஓரத்தில் இருக்கிறது. இலை இலையாகத் தேயிலையும் தெரிகிறது, ஆனால் முதலில் தெரிவது நாங்கள்தான்.

கேமராத் திரையைச் செல்போனால் படம் எடுத்து அனுப்பலாம் என்றுதான் நான் யோசித்து வைத்திருந்தேன். தர்ஷினி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கேமராவின் கார்டைச் செருகுகிற ஒரு சின்னச் சாமான் அவளிடம் இருந்தது. அவள் போனுக்கும் படம் போயிற்று, என் போனுக்கும் வந்தது. இரண்டு படத்தையும் போட்டுத் தந்தாள். நான் தனியாக நின்ற தெளிவான படம் ஒன்று, இது ஒன்று. எதை அனுப்புவது என்று மணியத்தின் காரில் வரும் வழி முழுக்க யோசித்தேன். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இதை அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டான். “யாரும்மா அவங்க?”

“லெட்சுமி, மணியம், அவங்க பொண்ணு தர்ஷினி. நாளைக்கு வேலைக்குப் பினாங்கு போகுது.”

“எத்தனை நாள் பழக்கம்?”

“காலைல இருந்து.”

சிரித்தான். “நீ தனியா நின்னு எடுத்து அனுப்புறேன்னுதானே சொன்ன?”

“டைமரை வச்சது நான்தான். ஓடினதும் நான்தான்.”

“தெரியுது. அப்பா மாதிரியே மூச்சு வாங்குது.” படத்தில் இருப்பவர்களை எண்ணியிருப்பான் போல. பிறகு, “அவங்க மூணு பேரும்மா. உன்னை நாலாவதாப் பிடிச்சுப் போட்டிருக்காங்க” என்றான்.

“ஆமாடா.”

“அப்பா போனதுக்கப்புறம் நீ இப்படிச் சிரிச்சு நான் பார்க்கல.” அவனே தொடர்ந்தான். “சரிம்மா. நாளைக்குச் சொல்லிடறேன், வர்றேன்னு.”

“சொல்லுடா” என்றேன். குரல் பிசகாமல் சொன்னேன்.

ஜெயித்துவிட்டேன். வந்த காரியம் முடிந்தது. பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பையில் லெட்சுமி கட்டிக் கொடுத்த தேயிலைப் பொட்டலம் இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் போகத்தான் வேண்டும், எனக்கு அது தெரியும். தெரிந்தாலும் அழுகை வரத்தானே செய்யும்.

இறங்குகிற வழியில் வாந்தி வரவில்லை. கேமராவில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். கொடைக்கானல் படம் வந்தது. இத்தனை வருடமும் அந்தப் படத்தில் எங்கள் மூன்று பேரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முதல் தடவையாகச் சோளக்கதிர்க்காரரைப் பார்த்தேன். தலை வாரியிருக்கிறார். எங்களோடு நிற்பதற்காக அவசரமாகத் தண்ணீர் தொட்டு வாரியது போலிருக்கிறது, நெற்றியில் ஈரம். கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார். கிட்ட வாங்க என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் எடுத்ததும் அவர் கரி அடுப்புக்குத் திரும்பிப் போயிருப்பார். நாங்களும் கதிரைத் தின்றுகொண்டே போயிருப்போம்.

கோலாலம்பூர் பேருந்து நிலையத்துக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பிரபு காத்திருந்தான். பையை வாங்கிக்கொண்டான்.

“இருடா, ஒரு படம் எடுத்துக்கலாம். கனடாவுக்குக் கொண்டுபோக” என்றேன்.

கேமராவை வாங்கி ஒரு நாற்காலியின் முதுகு மேல் நிறுத்தினான். டைமரை வைத்தான். பட்டனை அமுக்கப் போன விரல் அப்படியே நின்றது. தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தான். பெட்டியை உருட்டிக்கொண்டு போன ஒருவரை நோக்கி ஒரு அடிகூட எடுத்து வைத்துவிட்டான்.

“யாரையும் கூப்பிட வேண்டாம்டா” என்றேன். “நாம ரெண்டு பேர்தானே.”